ஒரு கழித்தல் குறி தின்ற மூன்று வாரம்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத்தான் என் திரையில், ஒரு விண்மீன் மண்டலக் கொத்தின் நிறை எங்கே குவிந்திருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில், அந்த இரண்டு குன்றுகளும் எழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழியை எழுப்பிக் காட்டினேன். பட்ட பாடு இன்னும் மனத்தில் எரிகிறது. இதே வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதுகலைத் திட்டத்துக்கு நான் எடுத்தது புல்லட் கொத்து: ஒன்றோடொன்று மோதிய இரண்டு விண்மீன் மண்டலக் கூட்டங்கள். மோதலில் வெப்ப வாயு பின்தங்கிவிட, நிறையின் பெரும்பகுதி விண்மீன் மண்டலங்களோடு முன்னே போயிருப்பதை 2006இல் காட்டினார்கள். அதை நானே ஒருமுறை செய்து பார்க்க ஆசை.

அந்த வாயுவை எக்ஸ் கதிரில் படமெடுத்த சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் தரவு இலவசம், இறக்குவது எளிது. ஆனால் மொத்தம் சுமார் 5 லட்சம் விநாடி அவதானிப்பு. என் மடிக்கணினி திணறியது. கணினி மையத்தில் இடம் கேட்டால், நெறியாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார் அலுவலர். அல்சூரிலிருந்து மழையில் இரண்டு பஸ் மாறி அதைக் கொண்டுபோனேன். துறைத் தலைவரின் முத்திரை அதில் இல்லை என்று அலுவலர் திருப்பி அனுப்பினார். முதல் நாளே அதையும் சொல்லியிருக்கலாமே! என்னென்ன வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

எக்ஸ் கதிர்ப் பகுதியில் ஒரே எச்சரிக்கை: பின்னணி இரைச்சல் திடீரென எகிறும் நேரங்களை வெட்டாவிட்டால் வாயுவின் வெப்பநிலை தவறாக வரும்.

என்னை வதைத்தது ஈர்ப்பு வில்லைப் பகுதி. கொத்தின் ஈர்ப்பு, அதற்குப் பின்னால் தொலைவில் இருக்கும் மண்டலங்களின் ஒளியை வளைத்து அவற்றின் வடிவத்தைச் சற்றே நெளிக்கும்; அந்த நெளிவுகளிலிருந்துதான் நிறையைக் கணிக்க வேண்டும். அந்தப் பின்னணி மண்டலங்களின் வடிவங்களை நீள்வட்டங்களாகக் குறித்த அட்டவணையை மூத்த மாணவர் ஒருவர் கொடுத்தார். நிறை வரைபடம் போட்டால், கொத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல். மங்கலானவற்றை நீக்கினேன், மென்மையாக்கும் அளவை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் தாளில் ஒரு நீள்வட்டம் வரைந்து, கையால் கணக்கிட்டேன். அட்டவணையில் எக்ஸ் அச்சு வலப்பக்கம் வளர்கிறது. என் நிரலோ கிழக்கை நேர்க்குறியாக எடுத்துக்கொண்டது. வானப்படத்தில் கிழக்கு இடப்பக்கம். அச்சு புரண்டதில் நீள்வட்டம் மூலைவிட்டத் திசையில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும் இரண்டாம் கூறு குறி மாறிவிட்டது. கொத்தைச் சுற்றி ஒன்றுசேர வேண்டிய நெளிவுகள் ஒன்றையொன்று அழித்துவிட்டன.

முதல் நாளே பத்து நீள்வட்டங்களைப் படத்தின் மேல் வரைந்து, மண்டலங்களின் சாய்வோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

குறியை மாற்றி ஓட்டினேன். இரண்டு குன்றுகள். அவற்றின் மேல் எக்ஸ் கதிர்ப் படத்தை வைத்தேன். அம்புமுனை போன்ற அந்த வாயு, வலப்பக்கக் குன்றை எட்டாமல் இந்தப் பக்கமே நின்றிருந்தது.