சுளுக்கு என்று 19 நாட்கள் நடந்தேன், அறுந்திருந்தது குதிநாண்

யாரோ பின்னாலிருந்து பேட்மின்டன் மட்டையால் என் வலது குதிகாலுக்கு மேலே ஓங்கி அடித்தது போல இருந்தது. திரும்பி, கூட ஆடிக்கொண்டிருந்த நண்பனிடம் "ஏன்டா அடிச்சே?" என்று கத்தியும் விட்டேன். அவன் ஆறடி தள்ளி நின்று விழித்துக்கொண்டிருந்தான். "நான் எங்கடா அடிச்சேன்? பட்டுன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்றான்.

கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாண்தான் குதிநாண், ஆங்கிலத்தில் அக்கிலீஸ் டெண்டன். அது அறுந்தவர்களில் பலர் இப்படித்தான் திரும்பிப் பார்த்து, பின்னால் நின்றவரோடு சண்டை போட்டிருக்கிறார்களாம். அடிக்காத அடி, பட்டென்ற சத்தம், இந்த இரண்டையும் கேட்டதுமே சந்தேகம் வரவேண்டும். எனக்கு வரவில்லை. அது பரவாயில்லை, நான் டாக்டர் இல்லை. முதல் நாள் என்னைப் பார்த்தவருக்கும் வரவில்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தே பார்த்தார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், தூக்கினேன். கீழே அழுத்தச் சொன்னார், கொஞ்சம் அழுத்த முடிந்தது. "அசையுதே, அப்புறம் என்ன? சுளுக்குதான்" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு பழுதில்லாமல் இருந்தது. இருக்கத்தான் செய்யும், உடைந்தது எலும்பு இல்லையே. பாதத்தைக் கீழே அழுத்த, கால்விரல்களை மடக்கும் தசைகளும் உதவும். அதனால் குதிநாண் முழுதாக அறுந்திருந்தாலும் பாதம் கொஞ்சம் அசையும். பாதம் அசைகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது எனக்கு 19 நாள் கழித்துத்தான் தெரிந்தது.

போதாததற்கு, மூன்றாம் நாளே வலி பெரும்பாலும் போய்விட்டது. வலி போனால் சரியாகிறது என்றுதானே எல்லோரும் நினைப்போம். வீக்கத்தை நீவிக்கூட விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் நடை மட்டும் சரியாகவில்லை. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, தட்டையாக வைத்து, இழுத்து இழுத்து நடந்தேன். மாடிப்படி ஏறும்போது வலது காலை ஊன்றி உந்த முடியவில்லை. ஒரு நாள் அலமாரியின் மேல்தட்டில் எதையோ எடுக்க வலது காலில் எக்கினேன். குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. காலுக்கு நான் சொன்னதே கேட்காத மாதிரி இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

இரண்டாவது டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார், பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி. இடது கெண்டைச் சதையைப் பிடித்து அழுத்தினார். பாதம் தானாகத் துள்ளியது. வலது கெண்டையை அழுத்தினார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். பாதம் அப்படியே தொங்கியது. குதிகாலுக்கு நாலு விரற்கடை மேலே என் விரலையே வைத்துக் காட்டினார். கயிறு மாதிரி விறைப்பாக இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே போனது. இதற்குத் தாம்சன் சோதனை என்று பெயர். கருவி வேண்டாம், செலவு இல்லை, பத்து வினாடி போதும்.

கணுக்கால் சுளுக்கு என்றால் பாதம் மடங்கியிருக்கும், வலியும் வீக்கமும் பெரும்பாலும் கணுக்காலின் வெளிப்பக்க எலும்புப் புடைப்பைச் சுற்றி இருக்கும். எனக்குப் பாதம் மடங்கவே இல்லை. பின்னால் நகர்ந்துவிட்டுச் சட்டென்று முன்னால் பாய உந்தினேன், அவ்வளவுதான். வலியும் பின்பக்கம்தான். யாராவது "சுளுக்கு" என்று சொன்னால், "கெண்டையை ஒரு தடவை அழுத்திப் பாருங்களேன்" என்று கேட்டுவிடுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

இரண்டாவது டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை எடுத்தீர்களா? எடுத்திருந்தேன், சிறுநீர்த் தொற்றுக்கு. இந்த வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-லேயே அவற்றுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் கட்டத்துக்குள் அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட வைத்தது. அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. வாரம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, விடுமுறை நாளில் உடம்பைச் சூடேற்றாமல் களத்தில் இறங்கும் நாற்பது வயதுக்காரனுக்கு வேறு காரணமே தேவையில்லை என்றார். ஆட்டத்துக்கு முந்தைய சில வாரங்களாகக் காலையில் முதல் பத்து அடி வைக்கும்போது குதிகால் விறைப்பாக இருந்ததையும் நான் கண்டுகொள்ளவில்லை. அதில் குற்றம் என்னுடையதுதான்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு எழுதிய சீட்டில் "இடது" என்று இருந்தது. ஸ்கேன் அறையில் நான் கவனிப்பதற்கு முன்னாலேயே அவர்கள் அதைப் படித்துவிட்டு, "சீட்டுல இடதுன்னு இருக்கு, திருத்தி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏறி வந்தவனுக்கு அந்த நேரத்தில் அது சரியாகப்படவில்லை. சீட்டை வாங்கியதும் எந்தப் பக்கம், எந்த உறுப்பு என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால், பாதத்தைக் கீழ்நோக்கி வைக்கும் பூட்ஸ் போட்டே அறுவை இல்லாமல் ஆற வைத்திருக்கலாம். முதல் நாட்களிலேயே தொடங்கி ஒழுங்காகச் செய்தால் பலருக்கு அதுவே போதுகிறது. எனக்கு அறுந்த நாணின் முனைகள் விலகிப் போயிருந்ததால் தையல்தான் வழி. அறுவை நல்லபடி முடிந்தது.

அதற்கப்புறம்தான் பாடு. பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் அடுக்கிய ஆப்புகளைக் கொஞ்ச நாளைக்கு ஒன்றாக எடுப்பார்கள். பூட்ஸ் கால் உயர்ந்து, இன்னொரு கால் தாழ்ந்து, இடுப்பு பிடித்துக்கொண்டது. நல்ல காலுக்குத் தடித்த அடியுள்ள ஷூ போட்டதும் பாதி வலி போனது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கெண்டை திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், மூச்சும் வாங்கினால் ஒரு நிமிடம் காத்திருக்காதீர்கள், இதைச் சொன்னார்கள்.

பெரிய சபலம், இழுத்து நீட்டுவது. விறைப்பாக இருக்கிறதே என்று படிவிளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கப் பார்த்தேன். பிசியோ பெண்மணி பார்த்துவிட்டுப் பிடித்த பிடி இருக்கிறதே! "சார், விறைப்பு அப்புறமா தானா தளரும். நாண் நீண்டு போச்சுன்னா திரும்பக் குறையாது. ஆயுசுக்கும் உந்தல் வராது." அன்றைக்கே விட்டேன்.

ஏழாம் மாதம், சுவரில் இரண்டு விரல் மட்டும் ஊன்றி, வலது காலில் ஒற்றையாக நின்று எக்கினேன். குதிகால் எழுந்தது. ஒரு விரற்கடை இருக்கும், கால் நடுங்கியது, பிசியோ "ஒண்ணு" என்று சத்தமாக எண்ணினார். பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டைக்கு வந்திருந்தவர் கைதட்டினார்.

இப்போது பத்தாம் மாதம். ஒற்றைக் காலில் எக்குவது இடது காலில் 25 தடவை, வலது காலில் 11. வலதில் 20 வரும்வரை மட்டையைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. நண்பன் மட்டையை அவன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டான்.