ஈரோட்டிலும் என்றால் வேறு எங்கே?

"நாளை ஈரோட்டிலும் கிளை இயங்காது."

ஒரு பார்சல் நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள் சென்ற மாதம் அனுப்பிய குறுஞ்செய்தி இது. மாதாந்திர மின் பராமரிப்புக்காக ஈரோட்டுக் கிளையை மட்டும் மூடியிருந்தார்கள். காலையிலேயே பவானிக் கிளையிலிருந்து அழைப்பு: "ஈரோட்டிலும் என்றால் வேறு எங்கே? எங்களுக்கும் விடுமுறையா?" வாடிக்கையாளர்களும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்களாம். தவறு என் நிரலில்தான்.

மறுநாள் மூடும் கிளைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் எண், பெயர், முகவரி, தொலைபேசி என்று பல பண்புகள். அவற்றில் பெயரை மட்டும் எடுத்துச் செய்திக்காகக் கோக்க வேண்டும். சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் இது ஒரே வரி: செலக்ட் என்ற கட்டளை பெயர்களைப் பொறுக்கித் தரும், ஸ்ட்ரிங் ஜாயின் என்ற கட்டளை அவற்றின் நடுவில் காற்புள்ளி இட்டுக் கோக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப் ஓட்டி, ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் காற்புள்ளி ஒட்டி, கடைசியில் மிஞ்சுவதை வெட்டி எறிவேன். பட்டியல் காலியாக இருந்த ஒரு நாள், வெட்ட எதுவுமில்லாமல் நிரல் நின்றுபோனது. ஜாயினில் அந்தக் கவலை இல்லை. ஐந்து ஊருக்கு நான்கு காற்புள்ளி, ஓர் ஊருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் "சேலம், பவானி, ஈரோடு ஆகிய ஊர்களில்" என்பது அரசு அறிவிப்பின் நடை. "சேலத்திலும் பவானியிலும் ஈரோட்டிலும்" என்று வந்தால்தான் மனிதர் சொன்னது போலிருக்கும் என்று எனக்குப் பிடிவாதம். அங்கேதான் வேலை வேறாகிவிடுகிறது. காற்புள்ளி இரண்டு பெயர்களுக்கு நடுவில் நிற்பது. பெயர்களை அடுக்கும்போது வரும் 'உம்', அதாவது எண்ணும்மையோ, ஒவ்வொரு பெயரின் மீதும் ஏறுவது. கடைசிப் பெயரையும் விடாது. ஆகவே அதை ஜாயினிடம் பிரிப்பானாகக் கொடுக்க முடியாது. செலக்டிலேயே ஒவ்வொரு பெயரிலும் சேர்த்துவிட்டு, ஜாயினிடம் வெறும் இடைவெளியைக் கொடுக்க வேண்டும்.

சேர்ப்பதும் லேசில்லை. 'சேலத்தில்' என்பதோடு 'உம்' என்பதை அப்படியே ஒட்டினால் 'சேலத்தில்உம்' என்று வரும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'ல்' என்பது இரண்டு குறிகள்: லகரம், அதையடுத்துப் புள்ளி. அந்தப் புள்ளியை நீக்கி, உகரக் குறியையும் மகர மெய்யையும் வைத்தால்தான் 'லும்' கிடைக்கும். நல்லவேளை, இட வேற்றுமை ஏற்ற ஊர்ப்பெயர் எல்லாம் 'இல்' என்றே முடிவதால் இந்த ஒரு விதி போதும்.

'சேலத்தில்' என்ற வடிவம் எங்கிருந்து வரும்? சேலம் நடுவில் 'அத்து' என்ற சாரியை பெறுகிறது, ஈரோட்டில் டகரம் இரட்டிக்கிறது, பவானியில் யகரம் நுழைகிறது. விதி எழுத உட்கார்ந்தேன். திருச்செங்கோடு வரை சரியாகவே வந்தது. பிறகு யோசித்தேன்: இருப்பதே இருபத்து மூன்று கிளைகள். அட்டவணையில் 'இடவடிவம்' என்று ஒரு பத்தி சேர்த்துக் கையால் தட்டச்சு செய்தேன். பத்து நிமிட வேலை. இன்றும் அதுவே சரியென்று நினைக்கிறேன்.

அந்தப் பத்தியை நிரப்ப மறந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். வெற்று மதிப்பு வந்தால் சி ஷார்ப்பின் ஜாயின் சத்தமில்லாமல் காலி இடம் விடும். 2014-இல் வந்த ஜாவா 8 மொழியில் அதே வேலையைச் செய்யும் ஜாயினிங், வெற்று மதிப்பைக் குறிக்கும் 'நல்' (null) என்ற சொல்லையே செய்தியில் அச்சடித்துவிடும். பைத்தான் மொழியோ பிழை காட்டி நின்றுவிடும். எனக்குப் பிடித்தது பைத்தானின் வழி.

பட்டியலில் ஒரே ஊர் இருக்கும் நாளைத்தான் நான் யோசிக்கவில்லை. இரண்டு பெயர் இருந்தால் எண்ணும்மை. ஒன்றே ஒன்று என்றால் அதே உம்மை 'வேறு இடத்திலும்' என்று பொருள் தருகிறது, எச்சவும்மையாகிவிடுகிறது. இப்போது எண்ணிக்கையை முதலில் பார்க்கிறேன். ஒன்று என்றால் இடவடிவம் அப்படியே போகும். ஒன்றுமில்லை என்றால் செய்தியே போகாது. இரண்டும் அதற்கு மேலும் என்றால் உம்மை. கூடவே 'கிளை இயங்காது' என்பது 'கிளைகள் இயங்கா' என்று மாறும்.

நேற்று மாலை திருச்செங்கோட்டுக் கிளைக்கு மட்டும் விடுமுறை போட்டார்கள். "நாளை திருச்செங்கோட்டில் கிளை இயங்காது" என்று போனது. யாரும் அழைக்கவில்லை.