வைவாவில் சப்போர்டிங் செல் கேட்டால்: பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு-மொழிப் பட்டப்படிப்பு) முதலாண்டுக்காரர்களுக்கு ஓர் அனுபவக் குறிப்பு

உள்காது பாடம் வந்தாலே நாம் எல்லாரும் ஒலியை உணர்கிற ஹேர் செல்லில் உட்கார்ந்துவிடுகிறோம். அதைச் சுற்றித் தாங்கி நிற்கிற சப்போர்டிங் செல்களான டீட்டர்ஸ், பில்லர், ஹென்சன், கிளாடியஸ் செல்களுக்குப் படம் வரைந்து பெயர் எழுதுவதோடு சரி. ஆனால் வெளித்தேர்வாளர் நடத்தும் வாய்மொழித் தேர்வான எக்ஸ்டெர்னல் வைவாவில் எனக்குக் கை கொடுத்தது இந்தச் செல்களின் மின்தன்மைதான். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கமிருந்து இந்தப் படிப்புக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகள் சிலர் "அந்தப் பகுதியை எப்படிப் படிச்சீங்க அக்கா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

மனப்பாடம் வேண்டாம், எண்களிலிருந்து தொடங்குங்கள். செல்களின் உச்சியைத் தொடுகிற உள்காதுத் திரவமான எண்டோலிம்ஃபில் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 150 மில்லிமோல், சோடியம் 1 மில்லிமோல் அளவுக்குத்தான். இன்னொரு உள்காதுத் திரவமான பெரிலிம்ஃபில் அப்படியே தலைகீழ், சோடியம் 150-ஐ ஒட்டி, பொட்டாசியம் 4 அல்லது 5. எண்டோலிம்ஃபின் மின்னழுத்தம் பெரிலிம்ஃபை விட 80 மில்லிவோல்ட் கூடுதல். இதை 1952-இல் வெளியிட்டவர் பேக்கேஷி, காக்ளியா (உள்காதின் நத்தைச்சுருள் பகுதி) பற்றிய ஆய்வுக்காகவே 1961-இல் நோபல் வாங்கியவர். இவ்வளவு தெரிந்தால் மீதியில் பாதியை நீங்களே வருவித்துவிடலாம்.

எப்படி என்றால், ஒரு சப்போர்டிங் செல்லுக்குள் பொட்டாசியம் 150, அதன் பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கிற பெரிலிம்ஃபில் 5 என்று வைத்து, அயனிச் செறிவு வித்தியாசத்திலிருந்து சவ்வின் மின்னழுத்தத்தைத் தருகிற நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் போடுங்கள். உடல் வெப்பத்தில் 61 பெருக்கல் லாக் 5/150, விடை மைனஸ் 90 மில்லிவோல்ட். உயிருள்ள காக்ளியாவில் நுண்மின்முனை வைத்து அளந்தவர்கள் சொல்வதும் மைனஸ் 80-லிருந்து மைனஸ் 100-க்குள்தான். அதாவது ஓய்வில் இந்தச் செல்லின் சவ்வு பெரும்பாலும் பொட்டாசியத்துக்கு மட்டுமே திறந்திருக்கிறது. ஹேர் செல் இவ்வளவு கீழே இறங்காது, ஏனென்றால் அதன் உச்சியில், ஒலி அதிர்வை மின்குறியாக மாற்றுகிற டிரான்ஸ்டக்ஷன் சேனல் வழியாக ஓய்விலும் கொஞ்சம் மின்னோட்டம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. இந்த ஒப்பீட்டைப் பேப்பரில் கணக்குப் போட்டே காட்டுங்கள், தேர்வாளரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

உடனே அவர் அடுத்து கேட்பார்: மேலே எண்டோலிம்ஃபில் பிளஸ் 80, செல்லுக்கு உள்ளே மைனஸ் 90, வித்தியாசம் 170 மில்லிவோல்ட், அப்படியானால் ஏன் சப்போர்டிங் செல் வழியாக மின்னோட்டம் கொட்டவில்லை? ஹேர் செல்லுக்கு இருப்பது போன்ற டிரான்ஸ்டக்ஷன் சேனல் இதன் உச்சியில் இல்லை, செல்களுக்கு இடையில் டைட் ஜங்ஷன் என்கிற இறுக்கமான மூட்டு அடைத்திருக்கிறது. இந்த இரண்டு வரி போதும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஹேர் செல்கள் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்காது, சப்போர்டிங் செல்களுடனும் இணைப்பு கிடையாது. சப்போர்டிங் செல்களோ செல்லுக்குச் செல் திறந்திருக்கிற கேப் ஜங்ஷனால் ஒரே வலையாகக் கோத்திருக்கின்றன, கனெக்சின் 26, கனெக்சின் 30 என்ற புரதங்கள் சேர்ந்து அமைக்கிற வழிகள். ஒரு செல்லுக்குள் சின்ன மூலக்கூறு சாயத்தை விட்டால், பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரு அறையில் போட்ட சாம்பிராணி எல்லா அறைக்கும் போவதுபோல், பக்கத்துச் செல்கள் எல்லாம் நிறம் ஏறிவிடும். மின்னோட்டமும் அப்படித்தான் பரவும். அதனால் இணைந்த நிலையில் அளந்தால் ஒரு ஹென்சன் செல்லின் உள்ளீட்டு மின்தடை மிகவும் குறைவாகத் தெரியும், ஆனால் அது அந்த ஒற்றைச் செல்லின் தன்மை அல்ல. வோல்டேஜ் கிளாம்ப் செய்ய, அதாவது சவ்வின் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்துவைத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டுமானால் செல்லைத் தனியாகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்டனால், கார்பன் டை ஆக்சைடு தருகிற அமிலத்தன்மை போன்றவற்றால் கேப் ஜங்ஷனை மூட வேண்டும். அப்படிப் பிரித்தெடுத்த டீட்டர்ஸ் செல்லில்தான் வெளிநோக்கிப் போகும் பொட்டாசியம் மின்னோட்டம் தெளிவாகத் தெரிகிறது. பல நோட்ஸில் இந்தப் பத்தியே இருக்காது, எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது, காரணம் புரியாமல் மின்தடை குறைவு என்று மட்டும் எழுதி என்ன பயன்?

படிக்க வீட்டில் இடம் இல்லாதவர்கள் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தைப் பாருங்கள். பெரிய தாளில் இந்தப் படத்தை விரித்துப் போட்டு வரைய ஒரு மேசை கிடைப்பதே பெரிய விஷயம்.

பொட்டாசியத்தின் பாதையையும் அப்படி ஒரே தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். எண்டோலிம்ஃபிலிருந்து ஹேர் செல், அதன் அடிப்பக்கம் வழியாக வெளியே, டீட்டர்ஸ் செல் கேசிசி3, கேசிசி4 கடத்திகளால் உள்ளே இழுப்பது, கேப் ஜங்ஷன் வழியாகப் பக்கச் சுவருக்கு, அங்கே ஃபைப்ரோசைட் என்கிற இணைப்புத்திசுச் செல், அப்புறம் எண்டோலிம்ஃபுக்குப் பொட்டாசியத்தைச் சுரக்கிற ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ், மறுபடி எண்டோலிம்ஃப். ஸ்ட்ரையாவில் என்கேசிசி1 கடத்தியைச் சிறுநீர் பெருக்கி மருந்தான ஃபியூரோசெமைட் தடுப்பதால்தான் அந்த மருந்தை அதிக அளவில் கொடுத்தால் பிளஸ் 80 சரிந்து கேட்கும் திறன் குறைகிறது. மருந்தியல் பேப்பரிலும் இது உதவும்.

ஒரு எச்சரிக்கை. கனெக்சின் 26 பழுதானால் ஏன் செவித்திறன் போகிறது என்று கேட்டால் "பொட்டாசியம் தேங்கிவிடும்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். கனெக்சின் 26 நீக்கிய எலிகளில் இந்தச் செல்கள் அமைந்திருக்கிற கோர்ட்டி உறுப்பின் சுரங்கம் வளர்ச்சியின்போதே சரியாகத் திறப்பதில்லை, செல்களுக்கு இடையே போக வேண்டிய ஐபி3 போன்ற சமிக்ஞை மூலக்கூறுகளும் தடைபடுகின்றன. பொட்டாசியம் ஒரு விளக்கம், முழு விளக்கம் அல்ல என்று சொல்லுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கிளினிக் போஸ்டிங். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கத்துக் குடும்பங்கள் பிறவியிலேயே கேட்காத குழந்தையோடு வரும்போது, தாய்க்கும் தகப்பனுக்கும் காது நன்றாகக் கேட்கும், "எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையேம்மா" என்பார்கள். கனெக்சின் 26-ஐ உருவாக்குகிற ஜிஜேபி2 மரபணுவின் கோளாறு பெரும்பாலும் ஒடுங்கு பண்பாகவே வரும், இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்குத் தெரியும், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. இந்தியாவில் அதிகம் காணப்படும் மாற்றம் டபிள்யூ24எக்ஸ். யாரையும் குற்றவாளி ஆக்காமல் இதை விளக்க வேண்டுமானால் நமக்கே முதலில் தெளிவாகப் புரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லலாம்: இந்தக் கோளாறில் செவி நரம்பு பெரும்பாலும் தப்பியிருப்பதால் அந்த நரம்பை நேரடியாக மின்னால் தூண்டுகிற காக்ளியர் இம்பிளாண்ட் பொதுவாக நல்ல பலன் தருகிறது, சின்ன வயதில் செய்தால் இன்னும் நல்லது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வழி இருக்கிறது.

தேர்வுக்கு முதல்நாள் இரவு புதிதாக எதையும் எடுக்காதீர்கள். 150, 5, பிளஸ் 80, மைனஸ் 90, அந்தப் பாதைப் படம், இவற்றைப் பார்க்காமல் ஒரு தடவை எழுதிப் பாருங்கள், எங்கே பேனா நிற்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படித்துவிட்டுத் தூங்குங்கள்.