டாக்டர் சொன்ன தேதியும் ஒறம்பரை கேக்குற தேதியும்

மாசமாக இருக்கிற புள்ளைக்குக் கட்டுச்சோத்து விருந்து முடிஞ்சாச்சு. புள்ளை அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. புளிசோறு கொண்டுபோன போசியெல்லாம் கழுவிக் கவுத்தியாச்சு. இனிமேல் அந்த வீட்டில் போன் அடித்தால் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, இன்னும் ஆகலீங்களா?"

கேட்கிறவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு தேதி அச்சடித்திருக்கிறது. வீட்டாரும் அதை மாரியம்மன் நோம்பி மாதிரி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாளைக் கூட்டினால் வருவதுதான் அந்தத் தேதி. சொல்லி வைத்தாற்போல் அதே நாளில் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலோ அஞ்சோதான். 37 வாரம் முடிந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். தலைச்சன் தேதியைத் தாண்டிப் போவதும் சகஜம். 41 வாரம் ஆகியும் வலி வரவில்லை என்றால் டாக்டரம்மாவே மருந்து கொடுத்து வலி வரவைப்பது பற்றிப் பேசுவார். அதனால் ஒறம்பரைக்கு, அதாவது சொந்தபந்தத்துக்குச் சொல்லும்போது பத்து நாள் கூட்டியே சொல்லிவிடுங்கள். பொய்தான். ஆனால் பத்து நாள் போன் தொல்லை மிச்சம்.

தலைப்பிரசவம் என்றால் பிரசவத்துக்கு ரெண்டு முதல் நாலு வாரம் முன்பே குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கும். மூச்சு நன்றாக விடலாம், சோறும் கொஞ்சம் கூட இறங்கும். ஆனால் தலை உட்கார்ந்திருப்பது மூத்திரப்பை மேல். ராத்திரிக்கு நாலு தரம் எழுந்திருக்க வேண்டிவரும். வழியில் லைட் எரியட்டும், பாத்ரூம் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், பகலிலேயே குடித்து முடித்துக்கொண்டால் போதும். நெஞ்செரிச்சலுக்குக் குழந்தையின் தலைமுடியைக் குறை சொல்வார்கள். உண்மையில் கர்ப்ப கால ஹார்மோன் இரைப்பையின் வாயைத் தளர்த்திவிடுகிறது, கீழேயிருந்து கர்ப்பப்பை முட்டுகிறது. அரிசிம்பருப்புச் சோற்றை நெய் ஊற்றி ரெண்டு வட்டல் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் எரியாமல் என்ன செய்யும்? கொஞ்சமாகச் சாப்பிட்டு, ரெண்டு மூணு மணி நேரம் கழித்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம்.

வயிறு கூராக இருந்தால் பையன், பரந்திருந்தால் பொண்ணு என்று தீர்ப்புச் சொல்லத் தெருவுக்கு ஒரு ஆத்தா உண்டு. வயிற்றின் வடிவம் தசையின் இறுக்கத்தையும் குழந்தை படுத்திருக்கும் வாக்கையும் பொறுத்தது. ஆனாலும் ஆத்தா சொல்வது பாதி நேரம் பலிக்கும். இருப்பதே ரெண்டு விடைதானே.

அடுத்தது வலி. நடுச்சாமத்தில் வயிறு கல்லாட்டம் இறுகும். வீடே எழுந்து லைட் போட்டு, மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, காரைத் திருப்பி நிறுத்துவதற்குள் வலி போய்விடும். இதுதான் சூட்டு வலி, பொய் வலி. அப்பத்தா ஒரு டம்ளர் சீரகத்தண்ணி கொடுத்து, "கொஞ்சம் நடந்து பாரு கண்ணு" என்பார். அதில் விஷயம் இருக்கிறது. தண்ணீர் குடித்து, நடந்து, புரண்டு படுத்தால் சூட்டு வலி அடங்கும். பிரசவ வலி எதற்கும் அடங்காது. நேரம் போகப் போக நெருங்கி வரும், நீளும், இடுப்பிலிருந்து முன்னால் சுற்றி வரும். தலைச்சனுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். ரெண்டாவது பிரசவம் என்றால் இவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது, அது வெசையாக முடியும்.

நேரம் குறிக்கிற வேலை பெரும்பாலும் மாப்பிள்ளைக்கு வரும், பெரும்பாலும் தப்பாகவும் போகும். ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை குறித்துக்கொண்டிருப்பார். ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம் வரைதான் கணக்கு. புள்ளை வலியில் இருக்கும்போது "இப்ப வலிக்குதா?" என்று கேட்டுக் குறிப்பதற்குப் பதில், வயிற்றின் மேல்பக்கத்தில் கை வைத்தால் இறுகுவது தானாகவே தெரியும்.

வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தாலும் காத்திருக்க வேண்டாம். சுத்தமான பேட் வைத்து, மணியையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். தெளிவாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் பதறத் தேவையில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. இளஞ்சிவப்பாகக் கோழை மட்டும் போனால் கர்ப்பப்பை வாய் தயாராகிறது என்று அர்த்தம், இன்னும் சில நாள்கூட ஆகலாம். ரத்தமாகப் போனால் நேராக ஆஸ்பத்திரி.

சிரிக்க முடியாத ஒரு பேச்சும் இருக்கிறது. "உள்ள எடம் பத்தலீங்க, அதான் பொட்டாட்டம் படுத்திருக்குது." இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கடைசி வாரங்களில் உதை புரளலாக மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. சாப்பிட்டபின் இடது பக்கம் படுத்து எண்ணுங்கள். ரெண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வரவேண்டும். சீரியல் பார்த்துக்கொண்டே எண்ணினால் வில்லியின் சதிதான் எண்ணிக்கையில் வரும். டிவியை அணைத்துவிடுங்கள். பத்து வரவில்லை என்றால், வழக்கத்தைவிடக் குறைவு என்று தோன்றினாலும்கூட, விடியட்டும் என்று இராமல் அப்போதே போக வேண்டும். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது எல்லாம் ரத்தக் கொதிப்பின் அடையாளமாக இருக்கலாம். 140/90 வந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உள்ளங்கை உள்ளங்காலில் விடாத அரிப்பு இருந்தாலும் சொல்லுங்கள், கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். வலி வரட்டும் என்று யாராவது விளக்கெண்ணெய் கொண்டுவந்தால், வந்தவருக்குக் காபி கொடுத்து எண்ணெயை அலமாரியில் வையுங்கள். குடித்தால் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து உடம்பு நீர் வற்றும்.

காபி என்றதும் இன்னொன்று. நாள் குறித்த ஆபரேஷன் என்றால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், வெறும் தண்ணீர் ரெண்டு மணி நேரம் முன்பு வரை. "ஒரு வாய் காபிதானுங்க" என்பது இங்கே செல்லாது. பால் சேர்ந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பை 36-வது வாரத்திலேயே தயாராக இருக்கட்டும். அம்மிச்சி (அம்மா வழிப் பாட்டி) முறுக்குத் தூக்குப்போசியை முதலில் வைப்பார். அதற்கு அடியில் பிரசவ அட்டை, ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகைச் சீட்டு, கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த ஆர்சிஹெச் எண் எல்லாம் ஒரே கவரில் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் இழுத்தடிக்கும். முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, பெரிய பேட், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணி, பிளாஸ்க், சார்ஜர். நகையும் கண்ணாடி வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு அது இடைஞ்சல்.

வால்பாறையில் இருப்பவர்கள் 40 கொண்டை ஊசி வளைவையும், தாளவாடியில் இருந்து சத்தியமங்கலம் வரவேண்டியவர்கள் திம்பத்தின் 27 வளைவையும் வலியோடு இறங்க வேண்டிய அவசியமில்லை. தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடலாம். மற்றவர்கள் 108 எண்ணோடு, எந்நேரமும் போன் எடுக்கிற பக்கத்து வீட்டு டிரைவர் எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் வீடு திரும்ப 102 வண்டி இலவசம்.

இதற்கிடையே அப்பாரு (அப்பா வழித் தாத்தா) குலதெய்வப் பேர்தான் என்பார், அப்புச்சி (அம்மா வழித் தாத்தா) ஜாதகத்து எழுத்துதான் என்பார். அந்தச் சண்டையைப் பிரசவத்துக்கு முன் முடிக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பேர் எழுத ஒரு வருஷம் வரை கட்டணம் கிடையாது. ரெண்டு பேருக்கும் வாதாட நிறைய நாள் இருக்கிறது.