எக்ஸெல் ஷீட்டில் பதினேழாவது வரி

கிரெடிட் கார்டு வழங்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். மாதக் கடைசியில் ஓர் எக்ஸெல் ஷீட் என் பொறுப்பு. கார்டில் செலவழிப்பதற்கு வெகுமதியாகக் கொடுக்கும் பாயின்ட், வாடிக்கையாளர்கள் கையில் மொத்தம் எத்தனை இருக்கிறது, இந்த மாதம் எத்தனை சேர்ந்தது, எத்தனை ரிடீம் ஆனது, அதாவது பயன்படுத்தப்பட்டது, எத்தனை காலாவதியானது. கடைசியாகச் சொன்னதுதான் பதினேழாவது வரி. அதில் எண் பெரிதாக வந்தால் மேலே இருப்பவர்களின் முகம் தெளியும். பாயின்ட் கொடுத்த அன்றே அது நாங்கள் தர வேண்டிய கடன். வாங்கியவர் மறந்துவிட்டால் கடன் தீர்ந்தது. எத்தனை பேர் மறப்பார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு எழுதுவதும் என் வேலைதான். அதற்கு பிரேக்கேஜ் என்று பெயர். நாங்கள் வைத்த பெயர் இல்லை. 2018 முதல் நடப்பிலிருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் விதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

பகல் முழுக்க இதைப் பார்க்கிறவள் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும்? நான் நோட்டுப் போட்டு பாயின்ட் சேர்த்தேன். நாலு கார்டு. பெட்ரோலுக்கு எது, ஆன்லைனுக்கு எது, டிக்கெட்டுக்கு எது என்று தனித்தனிப் பக்கம். பில் போடும் பில்லிங் தேதி சிவப்பு மையில், பணம் கட்டக் கடைசி நாளான டியூ டேட் பச்சை மையில். பில் போட்ட மறுநாள் வாங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் வட்டியில்லாமல் அடுத்தவன் காசில் ஓட்டலாம் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. மறக்கிறவர்களின் கணக்கை எழுதுகிறவள், நான் மட்டும் மறக்க மாட்டேன் என்று ஒரு கர்வம். அது இருந்தது, மறுப்பதற்கில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஆனுவல் ஃபீ போக மிஞ்சிய கேஷ்பேக்கும் பாயின்டும் சேர்ந்து என் இரண்டரை நாள் சம்பளம். சரி, இந்த நோட்டுக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்? வாரத்துக்கு அரை மணி என்று குறைத்து வைத்தாலே வருடத்துக்கு 26 மணி நேரம். ஆபீஸ் கணக்கில் மூன்று நாளுக்கு மேல். அதாவது என் கம்பெனி எனக்குக் கொடுக்கும் கூலியைவிடக் குறைந்த கூலிக்கு என்னையே நான் வேலைக்கு வைத்திருந்தேன்.

அந்த இரண்டரை நாளும் முழுதாக லாபம் என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு இவ்வளவு செலவழித்தால் போனஸ் பாயின்ட் என்று ஓர் எல்லைக்கோடு இருக்குமே, அதைத் தாண்ட மார்ச் கடைசியில் ஒரு தோள்பை வாங்கினேன். அந்தப் பை இன்னும் பரணில்தான் இருக்கிறது. இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட இரண்டு மடங்குவரை கேட்டார்கள். எல்லாப் பொருளுக்கும் இரண்டு மடங்கு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் 100க்கு 1 திரும்பக் கிடைக்கிறது என்ற சந்தோஷத்தில் 102 செலவழித்தாலே கணக்கு நஷ்டத்தில் முடிந்துவிடும். என் பை 102இல் நிற்கவில்லை.

அந்த வருடம்தான் அலுவலகத்தில் ஊழியர்களுக்கு ஒரு கேம்பெய்ன் வைத்தார்கள். தெரிந்தவர்களை அறிமுகப்படுத்தி, கார்டு கைக்கு வந்துவிட்டால், தலைக்கு இவ்வளவு பாயின்ட். கார்டைத் தள்ளிவிடுவது பழைய கலை. 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலே, தபாலில் கார்டு அனுப்பியது. நாங்கள் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தோம். கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

என் எதிர் டேபிளில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன். முதல் வேலை, முதல் சம்பளம். "நல்லதா இருந்தா போடுங்கக்கா" என்றான். வரவேற்பு பாயின்ட் உண்டு, முதல் வருடம் ஃபீ இல்லை, பாட்டுப் பாடுவது போலச் சொன்னேன். டியூ டேட்டில் முழுசாகக் கட்டிவிட வேண்டும் என்றும் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எத்தனை விநாடி எடுத்தேன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

எங்கள் தொழிலில் கார்டு வைத்திருப்பவர்கள் இரண்டு சாதி. பில்லை முழுசாகக் கட்டுகிறவர் டிரான்ஸாக்டர். கொஞ்சம் கட்டி மிச்சத்தைத் தள்ளிப்போடுகிறவர் ரிவால்வர். அமெரிக்கக் கார்டு தொழிலில் முழுசாகக் கட்டுகிறவருக்கு டெட்பீட் என்று செல்லப்பெயர். வெளியுலகில் அந்தச் சொல்லுக்கு வாங்கிய கடனைக் கட்டாதவன் என்று பொருள். ஒழுங்காகக் கட்டுகிறவனை உருப்படாதவன் என்று திட்டுகிற தொழில் வேறு எங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை. காரணம் எளிது. டிரான்ஸாக்டரிடம் வட்டி இல்லை. வியாபாரி ஒவ்வொரு விற்பனைக்கும் விட்டுக்கொடுக்கும் கமிஷனில் ஒரு பங்கு மட்டும்தான். அந்தப் பங்கிலிருந்துதான் பாயின்டும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கொண்டுவந்த விதி, தனிநபர் கிரெடிட் கார்டில் அந்தப் பங்கை 0.3 சதவீதத்துக்குமேல் போகக் கூடாது என்று கட்டியது. 0.3 வாங்கி 1 திருப்பித் தர யாராலும் முடியாது. மற்ற இடங்களில் தாராளமாகத் தர முடிகிறதென்றால், வியாபாரி கமிஷன் கூடுதல், அதோடு ரிவால்வர்களின் வட்டி. 2023இல் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப் வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாள், அமெரிக்காவில் மட்டும் இப்படிக் கார்டு வெகுமதி வழியாக, கார்டைக் கையாளத் தெரியாதவர்களிடமிருந்து தெரிந்தவர்களுக்குப் போகும் பணம் வருடத்துக்குச் சுமார் 1,500 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. இதெல்லாம் பிற்பாடு தேடிப் படித்தது. அப்போது எனக்கு என் நோட்டுதான் உலகம்.

நோட்டை மூடிவிட்டு, அந்த நேரத்தில் வெளியே ஏதாவது கணக்கு வேலை பார்க்கலாம் என்று இறங்கினேன். எங்கள் பணி ஒப்பந்தத்தில் வெளிவேலைக்கு முன் அனுமதி வேண்டும் என்று ஒரு ஷரத்து. எச்ஆருக்கு எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஒரு சின்ன நிறுவனத்தின் மாதக் கணக்கு. மொத்தமாக இவ்வளவு என்று பேச்சு. பத்து மணி நேர வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டது, பில்களைப் பை பையாகக் கொண்டுவந்து கொட்டியதில் இருபத்திரண்டு மணி நேரம் இழுத்தது. வகுத்துப் பார்த்தால் அதுவும் ஆபீஸ் கூலியைவிடக் குறைவு. போதாததற்கு, கூடுதல் வருமானம் சம்பளத்தின் தலைமேல் ஏறி உட்காருவதால் நம் வரியின் மேல்படி விகிதம் அதற்கு விழும். இரவு ஒரு மணிவரை உட்கார்ந்துவிட்டு வந்த ஒரு மாதக் கடைசியில் பதினேழாவது வரியில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது. மேலாளர் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னம்மா, எல்லாரும் ஒரே மாசத்துல மறந்துட்டாங்களா?"

அதோடு இரவு வேலையை விட்டேன். சனிக்கிழமை மட்டும், மணிக்கு இவ்வளவு என்று மாற்றிப் பேசினேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பில்களை அவர்களே தேதிவாரியாக அடுக்கி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். என் நேரத்துக்கு விலை வந்ததும் அவர்களுக்கும் அது கண்ணில் பட்டிருக்கிறது.

தம்பி விஷயம் தெரிந்தது ஒரு வருடம் கழித்து. கேன்டீனில் போனை நீட்டி, "அக்கா, இந்த வேலை நல்லதா பாருங்க" என்றான். வீடியோவுக்கு லைக் போட்டால் பணம். முதல் இரண்டு நாள் சில்லறை வந்திருக்கிறது. இப்போது பெரிய டாஸ்க் வேண்டுமென்றால் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்டால் அது வேலையே இல்லை, விடு என்றேன். அவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை, நம்மோடு உட்கார்ந்து வேலை பார்க்கிற பையன். எதற்கு இப்போது உனக்கு அவசரப் பணம் என்று கேட்டதும் பில்லைத் திறந்து காட்டினான்.

ஒன்றரை மாதச் சம்பளம் அளவுக்கு நிலுவை. வேலையில் சேர்ந்ததும் வாங்கிய போன், வீட்டில் ஒரு மருத்துவச் செலவு, பிறகு சின்னச் சின்னதாக. பில்லில் மொத்தத் தொகை ஒரு மூலையில். இந்த மாதம் குறைந்தது இவ்வளவாவது கட்டு என்கிற மினிமம் டியூ தடித்த எழுத்தில், கட்டத்துக்குள்.

"ஒரு தடவைகூட லேட் ஆனதில்லைக்கா. கரெக்டா மினிமம் கட்டிடுவேன்."

பெருமையாகத்தான் சொன்னான். பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாத வட்டி 3 சதவீதம். 100 நிலுவை அடுத்த மாதம் 103. அதில் 5 சதவீதம், அதாவது 5 சொச்சம், மினிமமாகக் கட்டுகிறாய். அதில் 3 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 2 சொச்சம். இந்த வேகத்தில், புதிதாக ஒன்றுமே வாங்காவிட்டாலும், கடன் பாதியாக 32 மாதம் ஆகும். வாங்கினாலோ, பெரும்பாலான கார்டுகளில் நிலுவை வைத்திருப்பவருக்கு அந்த வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றிலிருந்து வட்டி ஓடும். மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36 இல்லை, வட்டிக்கு வட்டி சேர்ந்து 42க்கு மேல்.

அவன் நாப்கினையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப பாயின்ட்?" என்றான். மாதம் 100 செலவழித்து 1 சதவீதம் வாங்கினால் வருடத்துக்கு 12. அதே 100ஐ நாலு மாதம் நிலுவையில் விட்டால் வட்டி 12. தீர்ந்தது. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை கரகரத்தது. அவனை அறிமுகப்படுத்தியதற்கு வந்த பாயின்டில் ஒரு மிக்ஸி வாங்கியிருந்தேன். நன்றாக ஓடுகிறது, இன்றைக்கும்.

அவனிடம் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தால் "அய்யோ, நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்று சொல்லியிருப்பான், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதனாலேயே கேட்கத் தோன்றவில்லை. பதிலுக்கு சனிக்கிழமை வேலையில் பாதியை அவனுக்குப் பிரித்துக் கொடுத்தேன். அனுமதிக் கடிதம், மணிக் கூலி எல்லாம் என்னைப் போலவே. வருகிற பணம் பேங்க் கணக்கில் தங்கக் கூடாது, அன்றைக்கே கார்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம். மாதம் 3 சதவீதம் சந்தேகமில்லாமல் கிடைக்கிற முதலீடு உலகத்தில் வேறு ஏது? கடனை அடைக்கிற ஒவ்வொரு 100க்கும் அதுதான் கிடைக்கிறது. இந்தக் கணக்கை எந்தக் கார்டு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

கார்டை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, பதினோரு மாதத்தில் அடைத்தான். இடையில் இரண்டு மாதம் சோர்ந்துபோய் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மனிதனுக்கு சனிக்கிழமை என்று ஒன்று வேண்டும். கூடுதல் வருமானம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விலையைச் சேர்ப்பதே இல்லை.

நான் நாலு கார்டில் மூன்றை மூடிவிட்டேன். இருக்கிற ஒன்றில், டியூ டேட்டில் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ பே. 1 சதவீதம் கேஷ்பேக் பில்லிலேயே கழிந்துவிடும். நோட்டுப் போடுவதில்லை. ஓட்டல் ரூமும் விமான டிக்கெட்டும் பாயின்டில் வாங்குகிற கெட்டிக்காரர்கள் என் சிநேகிதர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சதுரங்கம் மாதிரி, ரசித்து ஆடுகிறார்கள். அவர்களிடம் மணிக் கூலிக் கணக்குப் பேசினால் அடிக்க வருவார்கள்.

கடைசி நிலுவையும் சைபர் ஆன வாரம் தம்பி என் டேபிளுக்கு வந்தான். "அக்கா, முதல்ல சேர்ந்தப்ப குடுத்தாங்களே வரவேற்பு பாயின்ட், அதை இப்ப எடுத்துடலாம்ல?"

ஆப்பைத் திறக்கச் சொன்னேன். வரவேற்பு பாயின்டுக்கு இருபத்திநாலு மாதக் கெடு. போன மாதம் 30ஆம் தேதியோடு முடிந்திருந்தது. போன மாத ஷீட் என் கம்ப்யூட்டரில் இன்னும் திறந்தே இருந்தது. மேலாளர் அன்று காலைதான் சரி பார்த்து, பதினேழாவது வரிக்கு நேரே பச்சையில் ஒரு டிக் போட்டு அனுப்பியிருந்தார்.