கையெழுத்திட்ட பிறகு வாசித்த படிவம்

என் மகளுக்குப் பள்ளியில் மடிக்கணினி கொடுத்த நாளில், அதனுடன் வந்த ஆறு பக்கப் படிவத்தில் மற்றப் பெற்றோரைப் போலவே நானும் கையெழுத்திட்டேன். உடைந்தால் யார் பொறுப்பு, தொலைந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவற்றை மட்டுமே கவனமாகப் பார்த்தேன். சில வாரங்கள் கழித்து, தோழிக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைப் பாதியில் அழித்துவிட்டு, "அம்மா, இதில் எழுதினால் பள்ளிக்குத் தெரிந்துவிடும்" என்று அவள் சொன்னபோதுதான் படிவத்தை எடுத்து முழுவதும் வாசித்தேன். இக்கருவியில் செய்யப்படும் எதையும் நிர்வாகம் எந்நேரமும் பார்வையிடலாம், இதில் மாணவர் தனியுரிமையை எதிர்பார்க்க இயலாது என்று நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை அதன்பின் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பள்ளிகள் வாங்கும் கண்காணிப்பு மென்பொருள்களில் பலவற்றின் மூலம், வகுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவரின் திரையையும் ஆசிரியர் தம் திரையில் சிறு கட்டங்களாகப் பார்க்க முடியும். திறந்திருக்கும் பக்கத்தை மூடவும் முடியும். வேறு சில, மாணவர் தேடும் சொற்களையும், மின்னஞ்சல்களையும், பள்ளிக் கணக்கில் சேமிக்கும் கட்டுரைகளையும் வரி வரியாக அலசி, தற்கொலை, போதைப்பொருள், வன்முறை தொடர்பான சொற்கள் தென்பட்டால் எச்சரிக்கை அனுப்புகின்றன. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இக்கண்காணிப்பு பல நேரங்களில் கருவியோடு அல்லாமல் பள்ளிக் கணக்கோடு பிணைந்திருக்கிறது. வீட்டிலுள்ள சொந்தக் கணினியின் குரோம் உலாவியில் பிள்ளை தன் பள்ளிக் கணக்கைக் கொண்டு நுழைந்தாலும், நிர்வாகம் நிறுவிய நீட்டிப்பு, அதாவது உலாவியோடு இணைந்து இயங்கும் சிறு மென்பொருள், அங்கேயும் தானாக வந்து அமர்ந்துகொள்ளக்கூடும்.

இதைப் பற்றிப் பேசும் எவரும் லோயர் மெரியன் வழக்கைக் கடந்து போக முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவை ஒட்டியுள்ள லோயர் மெரியன் பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டம், சுமார் 2,300 உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியிருந்தது. திருட்டைக் கண்டறிவதற்கென அவற்றில் ஒரு வசதி இருந்தது. அதை இயக்கினால், கேமரா படத்தையும் திரையின் படத்தையும் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பும். இப்படியொரு வசதி இருப்பது மாணவர்களுக்கோ பெற்றோருக்கோ முறையாகச் சொல்லப்படவில்லை. 2009 நவம்பரில் ஒரு மாணவனைத் துணை முதல்வர் அழைத்து, அவன் வீட்டில் தகாத செயலில் ஈடுபட்டதாகக் கூறியதாகவும், அதற்குச் சான்றாகக் கேமரா படத்தைச் சுட்டியதாகவும் குடும்பம் 2010 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. படத்தில் மாத்திரைபோல் தெரிந்தது மிட்டாய் என்பது அவன் தரப்பு. அவனுடைய கணினி கண்காணிப்புக்கு உள்ளானதற்குப் பின்னால் இருந்தது 55 டாலர் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தப்படாத விவகாரம். விசாரணையில், பல்வேறு கணினிகளிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி திருடுபோன கணினிகளிலிருந்து வந்தவை; ஆனால் காணாமல்போன கணினிகள் மீண்டு, உரிய மாணவர்களின் கைக்கு வந்த பிறகும் அந்த வசதி நிறுத்தப்படாமல் இயங்கியதால் சேர்ந்தவையும் கணிசமாக இருந்தன. 2010 அக்டோபரில் பள்ளி மாவட்டம் 6,10,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. குற்ற நோக்கத்தை நிறுவ இயலாதெனக் கூறி அரசு வழக்கறிஞர்கள் குற்ற வழக்குத் தொடரவில்லை.

குற்ற நோக்கம் நிறுவப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது. கெட்டவர் ஒருவர் அமர்ந்து பிள்ளைகளின் அறைகளை வேவு பார்த்திருந்தால், அவரை நீக்கிவிட்டு நிம்மதியடையலாம். இங்கே நடந்ததோ, ஒரு வசதியை இயக்கினார்கள், எப்போது நிறுத்துவது என்று விதி வகுக்கவில்லை, அவ்வளவுதான். அதுவே ஒரு சிறுவன் தன் அறையில் உறங்கும் காட்சி பள்ளிச் சேமிப்பகத்தில் போய்ச் சேரப் போதுமானதாக இருந்தது.

பாதுகாப்புக்காகத்தானே என்ற வாதத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. நள்ளிரவில் தன்னை மாய்த்துக்கொள்ளும் வழியைத் தேடிய ஒரு பிள்ளை, எச்சரிக்கை ஒன்றினால் காப்பாற்றப்படுமானால் அதற்கு எதிராக எந்தத் தாய் பேசுவாள்? ஆனால் சொற்களைத் தேடும் மென்பொருளுக்குச் சூழல் விளங்காது. பாட்டியின் மரணத்தைப் பற்றிக் கவிதை எழுதுபவளும், புற்றுநோய் பற்றிக் கட்டுரைக்குத் தகவல் திரட்டுபவனும், உண்மையிலேயே துயரத்தில் இருப்பவரும் அதற்கு ஒன்றே. அந்தத் துயரத்தில் இருப்பவர், தான் பார்க்கப்படுவதை அறிந்தால், உதவி தேடும் அந்த ஒரு கேள்வியையும் தட்டச்சு செய்யாமல் விட்டுவிடுவார். என் மகள் அழித்த கடிதத்தில் தவறாக எதுவும் இல்லை என்பதை அவளே சொன்னாள்; ஆனாலும் அழித்தாள்.

வீட்டில் வேறு கணினி இருக்கும் பிள்ளை, பள்ளிக் கருவியை மூடி வைத்துவிட்டு மற்றதைத் திறந்துகொள்ளலாம். அந்த ஒன்றைத் தவிர வேறில்லாத பிள்ளைக்கு உடல்நலச் சந்தேகம் கேட்பது, நண்பரோடு பேசுவது, வேலைக்கு விண்ணப்பிப்பது எல்லாமே கண்காணிப்பின் கீழ்தான். அவருடைய பெற்றோர் இட்ட கையெழுத்தையும் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்திட மறுத்தால் பிள்ளைக்குப் பாடமே கிடைக்காது.

சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்ற விளக்கமும் முழுமையானதன்று. அமெரிக்கப் பள்ளிகள் வழக்கமாகச் சுட்டுவது 2000-ஆம் ஆண்டின் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை. அரசு மானியம் பெறும் பள்ளிகள் தகாத பக்கங்களைத் தடுக்க வேண்டும், சிறாரின் இணையப் பயன்பாட்டை மேற்பார்வையிட வேண்டும் என்று அது கூறுவது உண்மைதான். ஆனால் அடையாளம் காணத்தக்க எந்தப் பயனரின் இணையப் பயன்பாட்டையும் பின்தொடரும்படி இச்சட்டம் கோருவதாகப் பொருள் கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

நான் எங்கள் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எவையெல்லாம் பதிவாகின்றன, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், பள்ளி நேரம் முடிந்ததும் கண்காணிப்பு நிற்கிறதா என்று கேட்டிருந்தேன். கேமராவை யாராலும் தொலைவிலிருந்து இயக்க முடியாது என்று மரியாதையான பதில் வந்தது. நான் கேட்காத கேள்விக்கான பதில் அது. இப்படிப்பட்ட மென்பொருள்கள் பலவற்றில் இயங்கும் நேரத்தை வரையறுக்கும் வசதி இருப்பதைக் குறிப்பிட்டு, மாலை முதல் காலை வரை அதை நிறுத்திவைக்கும்படி இரண்டாவது கடிதத்தில் கேட்டிருக்கிறேன். இம்முறை இன்னும் நான்கு பெற்றோர் என்னோடு சேர்ந்து கையொப்பமிட்டிருக்கிறார்கள்.