ஹெச்.பி., டன், கிலோவாட்: எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு எழுதுவோருக்கு

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். நெஞ்சு லேசாக இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன். பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம்) நடத்தும் இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்கள் பாய்லரையும் உலையையும் மாதக்கணக்கில் புரட்டிவிட்டு, திறன் அலகுகளைக் கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். மூன்றாம் தாளில் மோட்டார், பம்ப், குளிரூட்டல் எல்லாம் அந்த அலகுகளின் மேல்தான் நிற்கின்றன. முதல் வாரமே அங்கே உட்காருங்கள்.

நான் பணம் கட்டி வாங்கிய பயிற்சிக் குறிப்பில் ‘1 ஹெச்.பி. = 746 வாட்’ என்று ஒரே வரி இருந்தது. எந்த ஹெச்.பி. (குதிரைத்திறன்)? பிரிட்டிஷ் ஹெச்.பி. நொடிக்கு 550 அடி-பவுண்டு, 745.7 வாட். மெட்ரிக் ஹெச்.பி. நொடிக்கு 75 கிலோகிராம்-மீட்டர், 735.5 வாட். பம்ப் சூத்திரத்தில் 75ஆல் வகுத்தால் கிடைப்பது மெட்ரிக். நொடிக்கு 50 லிட்டர், 30 மீட்டர் ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) என்றால் 50 × 30 ÷ 75 = 20 ஹெச்.பி., அதாவது 14.7 கிலோவாட். 746ஐப் போட்டால் 14.9 என்று வரும். கொள்குறி வினாவில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் என்ன செய்வது? காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டவர்கள் மேல் கோபம் இன்னும் தணியவில்லை.

மனப்பாடம் எனக்கு ஒத்துவராது. அதனால் எண்களைத் தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுப் பிறப்பித்துக்கொள்வேன். பவுண்டு 0.4536 கிலோ, அடி 0.3048 மீட்டர். 550 × 0.4536 × 9.81 × 0.3048 என்று பெருக்கினால் 746 வந்துவிடும். குளிரூட்டல் டன்னும் அப்படித்தான். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக வேண்டும், பவுண்டுக்கு 144 பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு). பெருக்கி 24ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3.517 கிலோவாட். நினைவாற்றல் மிக்கவர்களுக்கு இது வீண்வேலையாகத் தோன்றலாம். தேர்வறைப் பதற்றத்தில் எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. மாற்றி முடித்ததும், அது எந்தப் பக்கத்துக் கிலோவாட் என்று கேளுங்கள். மோட்டார் நேம்பிளேட்டில் உள்ள 10 ஹெச்.பி. ஷாஃப்ட்டில் கிடைக்கும் திறன், 7.46 கிலோவாட். பயனுறுதிறன் 88 சதவீதம் என்றால் மின்கம்பியிலிருந்து இழுப்பது 8.48. சில்லரில் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) குழப்பம் இன்னும் ஆழம். 200 டன் என்பது 703 கிலோவாட் வெப்பம். டன்னுக்கு 0.7 கிலோவாட் வீதம் கம்ப்ரசர் எடுப்பதோ 140 கிலோவாட் மின்சாரம். இரண்டும் கிலோவாட்தான், வெப்பத்தை மின்சாரத்தால் வகுத்தால் சி.ஓ.பி. (இழுத்த மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு வெப்பத்தை அகற்றுகிறது என்ற எண்) ஏறக்குறைய 5. வினாவைப் படிக்கும்போதே ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மேலே ‘மின்’, ‘ஷாஃப்ட்’, ‘வெப்பம்’ என்று பென்சிலால் எழுதுங்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- 1 கிலோவாட் = மணிக்கு 860 கிலோகலோரி = மணிக்கு 3,412 பி.டி.யு. = 1.341 பிரிட்டிஷ் ஹெச்.பி. = 1.36 மெட்ரிக் ஹெச்.பி.
- 1 டன் = மணிக்கு 3,024 கிலோகலோரி.
- பாய்லர் ஹெச்.பி. தனி இனம், 9.81 கிலோவாட். மோட்டார் ஹெச்.பி.யோடு சேர்க்காதீர்கள்.
- நான்காம் தாளுக்குப் புத்தகம் கொண்டுபோகலாம் என்று அசட்டையாக இருக்க வேண்டாம், தேடவே நேரம் போய்விடும். இந்த எண்களை அட்டையின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.